குமிழி வந்தால் ஓட்டை

நவம்பர் 3, ஞாயிறு

இன்று மாப்பிள்ளையின் முன்பல்லை உடைத்தேன். பிரசவ வார்டு வாசலில், அவன் அம்மா பார்க்கும்போதே. ஒரே குத்து. பல் என் விரல் முட்டியைக் கிழித்துவிட்டது. எழுதும்போது பேனா வழுக்குகிறது.

என் மகள் கோகிலவாணிக்கு நாள் கணக்குப்படி இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நேற்று மதியமே பனிக்குடம் உடைந்துவிட்டது. இந்த மோகன்ராசு அவளை ஒரு நர்சிங் ஹோமில் ஐந்து மணி நேரம் படுக்க வைத்திருக்கிறான். அவர்கள் கைவிரித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறான். எனக்கு ஒரு போன் கூடப் பண்ணவில்லை. எல்லாம் முடிந்து இன்று காலையில், "மாமா, பொண்ணு பொறந்திருக்குது. ஒண்ணேகால் கிலோதான். மூச்சு விடச் சிரமப்படுதுன்னு உள்ள வெச்சிருக்காங்க" என்கிறான்.

"அஞ்சு மணி நேரம் என்னத்தடா புடுங்கிட்டிருந்தே?"

"டென்சன் ஆவாதீங்க மாமா."

அந்த வார்த்தைக்குத்தான் குத்தினேன்.

கோகிலா வயிற்றுத் தையலோடு படுத்திருந்தவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும். இனி அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

குழந்தைகள் இருக்கும் அறைக்குள் தாய் மட்டும் போகலாமாம். அப்பன் கையெழுத்துப் போடலாமாம். தாய்வழித் தாத்தா, அதாவது அப்புச்சி, எந்தக் கணக்கிலும் வரமாட்டானாம். காவலாளி சொன்னான். அவன் கட்டைவிரலைப் பின்னுக்கு மடக்கினேன். கண்ணாடி வரைக்கும் விட்டான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளங்கை அளவு உடம்பு. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. மூக்கில் இரண்டு சின்னக் குழாய். அதிலிருந்து கிளம்பும் ஒரு பெரிய குழாய் கட்டில் பக்கத்தில் தொங்கும் தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருக்கிறது. தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி.

பைபாஸில் நாற்பத்தொரு வருடமாகப் பஞ்சர்க் கடை வைத்திருக்கிறேன். எனக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும். குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டை என்றால் காற்று போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இதற்குப் படிப்பு வேண்டுமா?

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பையன் வெளியே வந்தான். "தம்பி, பாட்டில்ல காத்து லீக் ஆவுது" என்றேன்.

"அது அப்படித்தாங்க இருக்கும்" என்று போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே ஆறு பாட்டில். ஆறிலும் குமிழி. சர்க்கார் சாமான் எப்போது உருப்படியாக இருந்தது?

கோகிலாவிடம் சொன்னேன். "அப்பா, டாக்டரம்மா அவரைக் கூப்ட்டு வெச்சு எல்லாத்தையும் வெவரமா சொன்னாங்களாமா. அந்தப் பாட்டில் எதுக்குன்னு அவரக் கேளுங்க."

அவனைக் கேட்பதற்குப் பதில் நான் நாக்கை அறுத்துக்கொள்வேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் பத்துச் சக்கர லாரி, பின் ஜோடியில் உள்பக்க டயர், இரண்டு ஆணி. மதியம் ஆஸ்பத்திரி. குமிழி நிற்கவில்லை. குழந்தை முக்கி முக்கி மூச்சு விடுகிறது. எவனும் எட்டிப் பார்க்கவில்லை.

நவம்பர் 6, புதன், மதியம்

ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மனசு லேசாக இருக்கிறது.

கோகிலா பால் பீய்ச்சி ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தாள். தையல் வலியில் அவளால் நடக்க முடியவில்லை. நான் எடுத்துப் போனேன். நர்ஸ் ஒரு பெண், ஜெனிட்டா என்று சட்டையில் எழுதியிருந்தது, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, கதவைத் திறந்து கிண்ணத்தை வாங்கினாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"தாத்தா, மூணு நாளா கண்ணாடிகிட்டயே நிக்கீங்க. கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. ரெண்டே நிமிசம். யாருட்டயும் சொல்லிராதீங்க, என் சீட்டு கிழிஞ்சிரும். பிள்ளையத் தொடக்கூடாது, என்னா?"

கழுவினேன். நாற்பது வருடக் கறுப்பு போகுமா? "போதும், போதும், உள்ள வாங்க" என்று சிரித்தாள். ஒன்பது குழந்தைக்கு அவள் ஒருத்தி. அந்த மூலையில் ஒன்று நீலம் பாரித்தது, ஓடினாள்.

ஒரு சின்ன வேலை பார்த்தேன். என் இடுப்புப் பையில் பழைய ட்யூப் ரப்பர் எப்போதும் இருக்கும். பாட்டிலிலிருந்து குழாய் முனையைத் தூக்கினேன். முனைமேல் ரப்பரை இழுத்து மூடி, மூன்று சுற்று, நான்காவதை உள்ளே கொடுத்து இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகும் கட்டு. திரும்பத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

குழந்தையைத் தொடவில்லை. அவள் சொன்னபடியே நடந்துகொண்டேன்.

காற்று முழுக்க இனிக் குழந்தைக்குத்தான். இத்தனை டாக்டர் மூன்று நாளாகச் செய்யாததை நான் அரை நிமிடத்தில் செய்தேன். இன்னொரு டீ சொல்லியிருக்கிறேன்.

அதே நாள், மாலை

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

இரண்டாவது டீ வருவதற்குள் உள்ளே மணி அலறியது. ஓடினேன். காவலாளியைத் தள்ளியதில் அவன் தலை கதவு நிலையில் மோதியது. உள்ளே என் பேத்தி கருநீலமாகக் கிடந்தாள். நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் வீங்கி நின்றது. அந்த நர்ஸ் குழந்தை முகத்தில் ரப்பர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு காற்றுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா வாசுகி கையில் ஊசி. என் கண் முன்னால் அதைக் குழந்தையின் நெஞ்சில் குத்தினாள்.

நெஞ்சில் ஊசியைக் குத்தினால் எவன் சும்மா நிற்பான்?

நர்ஸின் கன்னத்தில் அறைந்தேன். டயர் லீவரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. அவள் தலை மானிட்டரில் போய் மோதித் திரும்பியது. காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. இன்னொன்று அறைந்தேன். அவள் விழவில்லை. பையை விடவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"யோவ், அவ கையை நிறுத்தினா உன் பேத்தி செத்துருவாய்யா!" என்று டாக்டர் கத்தினாள்.

என்னை நாலு பேர் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் மணிக்கட்டைக் கடித்தேன்.

நவம்பர் 7, வியாழன்

குழந்தை இருக்கிறது. விலா இடுக்கில் ஓட்டை போட்டு ஒரு குழாய் விட்டிருக்கிறார்கள். அந்தக் குழாய் இன்னொரு தண்ணீர் பாட்டிலுக்குப் போகிறது. அதிலும் குமிழி.

தம்பி மகன் செங்கோட்டுவேல் லாரி ஸ்டாண்டு ஆட்கள் இருபது பேரோடு வந்தான். "பெரியப்பா, நீங்க ஓரமா நில்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றான். நான் ஓரமாக நிற்கவில்லை. வரவேற்பு மேசைக் கண்ணாடி போனது. இரும்பு நாற்காலி ஒன்று எறிந்ததில் பயிற்சி டாக்டர் பையனுக்கு நெற்றி பிளந்தது. முன்பு போனைப் பார்த்துக்கொண்டே போனவன்தான். ரத்தம் கண்ணை மறைத்துக்கொண்டு வர, அவன் குழந்தைகள் இருக்கும் அறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான். "என்ன அடிங்கண்ணா, உள்ள போவாதீங்கண்ணா, உள்ள ஒம்பது குழந்தைங்க" என்று கும்பிட்டான். செங்கோட்டுவேல் அடித்தான். பையன் கதவை விடவில்லை.

போலீஸ் வந்தது. செங்கோட்டுவேலையும் மூன்று பேரையும் ஏற்றினார்கள். என்னை இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார். பேத்தி சாகக் கிடக்கும்போது கிழவனைப் பிடித்தால் சாலை மறியல் வரும் என்ற பயம்.

டிவிக்காரன் மைக்கை நீட்டினான். அதற்குள் விஷயம் வெளியே வந்திருந்தது. பாட்டில் குழாயில் யாரோ ரப்பர் கட்டியிருந்தார்களாம். "என்ன நடந்துச்சுங்கய்யா?" என்றான்.

"அந்தக் குபுகுபுச் சத்தம் நர்சுக்குத் தொந்தரவா இருந்திருக்கும். கட்டிப்போட்டிருப்பா" என்றேன்.

இருந்திருக்கும் என்றுதான் சொன்னேன். கட்டினாள் என்று சொல்லவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

டாக்டர் வாசுகி எங்களைக் கூப்பிட்டார். கோகிலா சக்கர நாற்காலியில். மோகன்ராசு உதடு வீங்கி ஓரமாக நின்றான். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த ரப்பர்.

"இவளுக்கு நுரையீரல் இன்னும் முத்தல. ஒவ்வொரு மூச்சு விட்டதும் உள்ள ஈரக் காகிதம் மாதிரி ஒட்டிக்கும். ஒட்டாம இருக்க, மூக்கு வழியா கொஞ்சமா அழுத்தம் குடுக்கறோம். மிச்சக் காத்து அந்தப் பாட்டில் தண்ணி வழியா வெளிய போயிடும். தண்ணி எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான் அழுத்தம். குமிழி வந்துட்டே இருந்தா எல்லாம் சரியா நடக்குதுன்னு அர்த்தம். யாரோ வழிய அடைச்சுட்டாங்க. மிச்சக் காத்துக்குப் போக எடமில்ல. நுரையீரல் கிழிஞ்சு நெஞ்சுக்குள்ள காத்து நெறஞ்சிருச்சு. அத எடுக்கத்தான் ஊசி குத்தினேன்."

"இப்ப?" என்றாள் கோகிலா.

"விலாவுல போட்ட பாட்டில்ல குமிழி நிக்கணும். நின்னா கிழிசல் மூடுதுன்னு அர்த்தம். நிக்கலைன்னா..."

அவர் நர்ஸைப் பற்றியும் சொன்னார். செவிப்பறை கிழிந்திருக்கிறது. இடது காது திரும்பாது. ஊரில் கலவரம் என்பதால் அவளைத்தான் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். விசாரணை பதினெட்டாம் தேதி.

வீட்டுக்கு வந்து படுத்தேன். 1991இல் என் தம்பி, செங்கோட்டுவேலின் அப்பன், டயர் முன்னால் குந்தியிருந்தான். காற்று அளவு மீறிப் போய்விட்டது. டயரைப் பிடித்திருந்த இரும்பு வளையம் தெறித்தது. அவன் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. அடைத்து வைத்த காற்று என்ன செய்யும் என்று இந்த ஜில்லாவில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. அன்று கம்ப்ரசரைப் பிடித்திருந்தது யார் என்று செங்கோட்டுவேல் இதுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 9, சனி

குமிழி நிற்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

குமிழி நிற்கவில்லை. கடை திறக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரன், "அந்த நர்சை நடுரோட்டுல வெச்சு வெட்டணும்ண்ணா" என்றான். அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன். எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. "நான் உங்க பக்கம்தானேண்ணா பேசினேன்!" என்று அழுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

கோகிலா கேட்டாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. அந்த ரப்பர் நம்ம கடை ரப்பரா?"

"ரப்பரு எல்லாக் கடையிலயும்தான் இருக்குது."

"நான் அந்தக் கடையிலதான் வளந்தேன். அந்த முடிச்சுல பாவாடை நாடா கட்டிப் பள்ளிக்கூடம் போனவ நான்."

அவள் தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் முகத்தில் எறிந்தாள். புருவத்தில் பட்டது. தையல் பிரிந்து அவள் நைட்டியில் ரத்தம் கசிந்தது. மோகன்ராசு ஓடிவந்து அவளைத்தான் பிடித்தான்.

"அவரு வேண்டாம், வேண்டாம், வெளிய போகச் சொல்லுங்க" என்று கத்தினாள். அவரு என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

நவம்பர் 13, புதன்

மோகன்ராசு கடைக்கு வந்தான். முன்பல் இல்லாததால் பேச்சில் காற்று போகிறது.

"மாமா, அந்த நர்சக்கா உங்கள உள்ள விட்டேன்னு எழுதிக் குடுத்திருக்குது. நம்ப ஆளில்ல. கேமரா ரிப்பேராம். உங்க வாயிலதான் இருக்குது."

"நான் கொழந்தயத் தொடல."

"கொழந்தயப் பத்தி நான் கேக்கல."

"நீ அன்னிக்கே எனக்குப் போன் பண்ணியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமாடா?"

"நீங்க ஓங்குன கையோடயே இருக்கீங்க, மாமா. எந்த நம்பிக்கையில போன் பண்றது?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஸ்பேனரை எறிந்தேன். படவில்லை. குறி தவறியதே இல்லை எனக்கு.

நவம்பர் 15, வெள்ளி

குமிழி நின்றுவிட்டதாம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டாக்டர் பாட்டிலை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார், கோகிலா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் காவலாளி இருக்கும் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். இப்போது என்னை அதற்கு மேல் விடுவதில்லை. காவலாளி தலையில் கட்டு. என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

நவம்பர் 17, ஞாயிறு

விலாக் குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்குக் குழாய் மட்டும் இருக்கிறது.

நாளை விசாரணை. சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன். குழந்தையைத் தொடவில்லை. இது சத்தியம். கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

நவம்பர் 18, திங்கள்

நீளமான மேசை. நடுவில் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியவர். ஒரு பக்கம் டாக்டர் வாசுகி. எதிரே ஜெனிட்டா. இடது காதில் பஞ்சு, கன்னம் மஞ்சளும் பச்சையுமாக. என்னுடையதைவிடச் சின்ன நாற்காலி அவளுக்கு. மோகன்ராசு கதவோரம் நின்றான்.

அதிகாரி கேட்டார். "பெரியவரே, ஆறாம் தேதி நீங்க உள்ள போனீங்களா?"

"நான் கொழந்தயத் தொடல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தொடல."

பெருமூச்சு விட்டு நர்ஸ் பக்கம் திரும்பினார். பிளாஸ்டிக் பையிலிருந்து ரப்பரை எடுத்து இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, ஒரு குழாய் ஒழுங்கா இல்லைன்னா மேல எழுதணும். இப்படிக் கையில கெடச்ச ரப்பரை வெச்சு, விவரங்கெட்டவன் கோணி மூட்டை கட்டின மாதிரி, அரைகுறையா, கன்னாபின்னான்னு..."

ஜெனிட்டா தலை குனிந்திருந்தாள். "நான் கட்டல சார்" என்றாள். எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, குரலில் ஒன்றும் மிச்சமில்லை.

"பின்ன யாரு? இந்த லட்சணத்துல ஒரு முடிச்சு..."

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. நான் சொல்ல வந்தது வேறு. வாயில் வந்தது இது:

"யோவ், அத நல்லாப் பாருய்யா. ஒரு பக்கம் கத்திரியில வெட்டியிருக்குது. ஏன் வெட்டினாங்க? அவுக்க முடியல. அரைகுறைக் கட்ட எவனாச்சும் வெட்டுவானா? நூறு பவுண்டு காத்தடிச்சாலும் பிரியாத கட்டு அது. இந்தப் புள்ளைக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அது நான் கட்டினது."

அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கினார். டாக்டர் வாசுகி பேனாவை மூடினார். கதவோரத்தில் மோகன்ராசு சுவரோடு சரிந்து குந்தினான்.

ஜெனிட்டா தலையைத் தூக்கினாள்.

"கேக்கல" என்றாள்.

"நான் கட்டினதுன்னு சொன்னேன்."

"கேக்கல தாத்தா."

கேட்டிருக்கும். வலது காது நன்றாக இருக்கிறது என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிகாரி, "பதிவு பண்ணியாச்சும்மா" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். என் மார் உயரம்தான் இருந்தாள். நான் கையைத் தூக்கினால் எட்டும் தூரம். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் நகரவில்லை. இடது காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். அதில் காய்ந்த ரத்தம். அந்தக் காதை என் வாய்ப் பக்கம் திருப்பினாள்.

"இந்தக் காதுல சொல்லுங்க" என்றாள்.

குனிந்து சொன்னேன். கேட்கவில்லை என்றாள். சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றாள். வெளியே வராந்தாவில் ஆட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவள் அசையவில்லை. நான் மறுபடியும் சொன்னேன்.